ஒரு வகுப்பறைக்கு எத்தனை பிள்ளைகள்? டெல்டா ஊர்களில் அரசுப் பள்ளி நெரிசலை உள்ளூர் நிதியால் குறைக்க முழுமையான வழிகாட்டி

குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இரண்டு வருடம் ஒரே அறையில் இரண்டு கரும்பலகைகள் இருந்தன. கிழக்குச் சுவரில் ஒன்று, மேற்குச் சுவரில் ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கிழக்கே பார்த்து உட்காருவார்கள். நான்கும் ஐந்தும் அவர்களுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்க்கும். நடுவில் ஒரு புத்தகப்பை வைக்கிற அளவுக்குத்தான் இடம். ஒரு டீச்சர் அணில், ஆடு என்று எழுத்து சொல்லிக்கொடுக்கும்போதே இன்னொருவர் பின்னம் கூட்டிக் காட்டுவார். ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டைப் புரட்டினேன். ஐந்தாம் வகுப்பின் பின்னக் கணக்கு முழுவதும் அழகான கையெழுத்தில் இருந்தது. "இது உன் பாடம் இல்லையேம்மா" என்றேன். "அந்த டீச்சர் சத்தம்தான் கேட்டுச்சு" என்றாள்.

அந்தப் பதிலைக் கேட்டுத்தான், பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் சேர்ந்தேன்.

நெரிசல் எப்படி வந்தது என்று பார்த்தால் காரணம் எளிது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அதன்பின் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இடித்தது சரியான முடிவு. எங்கள் ஓட்டுக் கட்டடமும் போனது. ஆனால் அந்த இடத்தில் புதுக் கட்டடம் எழும்பாமல் புல் முளைத்தது. பாபநாசம், வலங்கைமான், நன்னிலம் பக்கம் போனால் இதே கதையை வேறு வேறு ஊர்ப் பெயரில் கேட்கலாம். கஜா புயலில், 2018 நவம்பரில், ஓடு பறந்த பள்ளிகளின் கதை வேதாரண்யம் பக்கம் இன்னும் பழையது.

மூன்று வருடம் ஆபீஸ் ஆபீஸாக நடந்ததில் நான் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். வகுப்பு பெரிதாக இருப்பதற்கு அறை இல்லாதது காரணமா, ஆசிரியர் இல்லாதது காரணமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பணம் வேறு இடத்தில் இருக்கிறது, கேட்க வேண்டிய ஆள் வேறு, தேதியும் வேறு. இதைப் பிரிக்காமல் "பள்ளிக்கு ஏதாவது செய்யுங்க" என்று மனு கொடுத்தால், வண்ணம் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் படி: நீங்களே எண்ணுங்கள்

மொத்த மாணவர் எண்ணிக்கையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற கணக்கை நம்பாதீர்கள். எங்கள் பள்ளியில் 60 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். ஆளுக்கு 30. காகிதத்தில் குறையே கிடையாது. நேரில் போனால் ஒரே அறையில் 60 பேர், அதில் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று வகுப்பு நடத்துகிறார்.

ஒரு வேலை நாளில், தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, ஒரு நோட்டும் அளவு டேப்பும் எடுத்துக்கொண்டு போங்கள். வகுப்புவாரியாகப் பதிவேட்டில் எத்தனை பேர், அன்றைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று குறியுங்கள். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இருக்கிற பள்ளி என்றால் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. பல நடுநிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு ஆங்கில வழியில் பெஞ்சுக்கு ஐந்து பேர் நெருக்கிக்கொண்டிருக்க, பக்கத்துத் தமிழ் வழிப் பிரிவில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். பள்ளிச் சராசரி இதை மறைத்துவிடும்.

பிறகு அறைகள். எந்த அறையில் எந்த வகுப்பு உட்காருகிறது, எது பூட்டிக் கிடக்கிறது, எதில் பழைய பெஞ்சும் புத்தகக் கட்டும் அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். 20 அடிக்கு 20 அடி அறையில் 48 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு எட்டு சதுர அடி சொச்சம். இதை மனுவில் எழுதும்போது படிக்கிறவர் கண்ணுக்கு அந்த அறை தெரியும்.

ஆசிரியர் பக்கம் நான்கு எண்கள் வேண்டும்: அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்டது, காலி, மாற்றுப் பணியில் வெளியே போயிருப்பது. கடைசி எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள். மாற்றுப் பணியில் ஒருவர் வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பார். ஏட்டில் நம் பள்ளி இடம் நிரம்பியிருக்கும். காலி இல்லை என்று பதில் வரும். பிள்ளைகளுக்கு முன்னால் ஆள் இருக்காது.

குழு உறுப்பினர் கேட்டால் பெரும்பாலான தலைமை ஆசிரியர்கள் இந்த விவரங்களைச் சந்தோஷமாகவே கொடுப்பார்கள். அவர்களும் தனியாகத்தான் போராடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

இரண்டாம் படி: சட்டம் சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள்

2009-ல் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் பின்னிணைப்பாக ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. பிள்ளைகள் 150-ஐத் தாண்டினால் தலைமை ஆசிரியர் தனி. ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஒருவர். அதோடு வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும், அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் ஆள் இருக்க வேண்டும்.

அதே அட்டவணையில் பலரும் கவனிக்காத வரி ஒன்று உண்டு. ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை இருக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கு ஆளுக்கு 30 என்ற கணக்கு சரியாக இருந்ததால் அதைக் காட்டி ஒன்றும் கேட்க முடியவில்லை. "இரண்டு ஆசிரியர், ஒரே அறை" என்று இந்த வரியைக் காட்டியபோதுதான் பேச்சு நகர்ந்தது.

இன்னும் இரண்டு பிரிவுகளைக் குறித்து வையுங்கள். பிரிவு 26-ன்படி ஒரு பள்ளியின் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் காலி பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிரிவு 22-ன்படி பள்ளி மேலாண்மைக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும்; அரசோ உள்ளாட்சியோ அந்தப் பள்ளிக்குத் திட்டமிடுவதற்கும் மானியம் ஒதுக்குவதற்கும் அதுதான் அடிப்படை. ஆக, குழு எழுதுகிற திட்டம் வெறும் கோரிக்கை மனு இல்லை. சட்டப்படி பட்ஜெட்டுக்கு அடிப்படை ஆவணம். உங்கள் பள்ளியின் திட்டத்தில் வகுப்பறை என்ற சொல் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். எங்கள் பள்ளியில் போன வருடத்ததைத் தேதி மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள்.

மூன்றாம் படி: ஆசிரியர் குறை என்றால், ஆகஸ்ட் 1

ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று பெயர் இருப்பதால் சம்பளமும் ஒன்றியம்தான் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒருகாலத்தில் அப்படித்தான். 1981 ஜூன் முதல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். சம்பளம் மாநில அரசுடையது, நியமனமும் மாறுதலும் பள்ளிக் கல்வித் துறையுடையது. ஊராட்சித் தலைவரிடம் போய் "ஒரு டீச்சர் போட்டுக் கொடுங்க" என்றால் அவரால் முடியாது. கட்டடம் மட்டும் இன்றும் ஒன்றியத்தின் கையில் இருக்கிறது.

பணியிடம் எப்படி நிர்ணயமாகிறது? ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று பார்க்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் ஏறியிருக்கும் எண்ணிக்கைதான் கணக்கு. அதை வைத்து இந்தப் பள்ளிக்கு இத்தனை இடம் என்று முடிவாகும். கூடுதலாக இருப்பவர் உபரி. உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்குப் பணி நிரவலில் அனுப்புவார்கள்.

எங்களுக்கு 2022-ல் நடந்தது இது. ஜூலைக் கடைசியில் பதிவேட்டில் 60 பேர். ஒரு பையன் கோடை விடுமுறைக்கு அம்மாச்சி வீட்டுக்கு வேதாரண்யம் போனவன் அங்கேயே பள்ளியில் சேர்ந்து, திரும்ப வந்துவிட்டான். மாற்றுச் சான்றிதழ் வாங்கி வரவில்லை, எமிஸில் வேதாரண்யம் பள்ளியிலேயே பெயர் இருந்தது. தினமும் எங்கள் பள்ளியில்தான் உட்கார்ந்திருந்தான், மதியம் இங்கேதான் சாப்பிட்டான். ஆனால் கணக்கில் அவன் இல்லை. அவன் 61-வது பிள்ளை. அந்த ஒரு பெயர் ஏறியிருந்தால் மூன்றாவது பணியிடம் கேட்டிருக்கலாம். ஆகஸ்ட் மூன்றாம் தேதி பெயர் ஏறியது. இரண்டு நாள் தவறியதில் ஒரு முழு வருடம் போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த வருடம் ஏப்ரலிலேயே தொடங்கினோம். அங்கன்வாடியில் ஐந்து வயது முடியப்போகிற பிள்ளைகளின் பட்டியல் வாங்கினோம். வேனில் மெட்ரிக் பள்ளிக்குப் போகிற வீடுகளுக்கும் போய்ப் பேசினோம். காலை உணவுத் திட்டம் பெரிய துணை. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தொடங்கி, மாநிலத்தின் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. அதற்கு முன்பே, அது வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, விடியற்காலையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மாக்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். ஜூலை 20-க்குள் ஒவ்வொரு பெயரும் எமிஸில் ஏறிவிட்டதா என்று தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்து வரிசையாகச் சரிபார்த்தோம். 64 பேர். நீங்களும் 58, 59, 88, 89 என்று எல்லைக்கு அருகில் இருக்கிற பள்ளி என்றால் இந்த வேலைக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. ஒரு பைசா செலவும் இல்லை.

இடம் அனுமதியாகியும் ஆள் வராமல் இருந்தால் தற்காலிக ஏற்பாடு உண்டு. 2022-ல் காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் என்று அறிவித்து, பிறகு தொகையை உயர்த்தினார்கள். இப்படி ஆள் எடுக்கும்போது தீர்மானத்தில் "நிரந்தர ஆசிரியர் வரும் வரை" என்ற சொற்கள் கட்டாயம் இருக்கட்டும். பெற்றோரிடம் மாதம் நூறு, இருநூறு என்று வசூல் செய்து ஆள் போடுவதை நான் ஏற்கமாட்டேன். கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கு அது பாரம். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை கூசிப்போய் நிற்கும்.

நான்காம் படி: அறைக் குறை என்றால், கட்டடம் யாருடையது, நிலம் யாருடையது

இங்கேதான் உள்ளூர்ப் பணத்துக்கு வேலை. முதலில் பள்ளி எந்தத் துறையின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஊராட்சி ஒன்றியத்துடையவை, கட்டட விஷயம் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) போகும். நகரங்களில் நகராட்சிப் பள்ளிகள் உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் அது தனித் துறை, பி.டி.ஓ. ஆபீஸில் எத்தனை மனு கொடுத்தாலும் "எங்க பள்ளி இல்லீங்க" என்றுதான் சொல்வார்கள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் பெரிய கட்டடங்கள் பொதுப்பணித் துறை வழியாக வருபவை, பலவற்றுக்கு நபார்டு கடனுதவி.

அடுத்து நிலம். டெல்டாவில் இது பெரிய சிக்கல், வேறு மாவட்டத்துக்காரர்களுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். நம் ஊர்களில் நிறைய நிலம் கோயிலுக்கோ ஆதீனத்துக்கோ கோயில் காரியத்துக்கு எழுதிவைத்த கட்டளைக்கோ சொந்தம். எழுபது, எண்பது வருடமாகப் பள்ளி நடக்கிற இடமாக இருக்கும், பட்டா சுவாமி பெயரில் இருக்கும். பணம் ஒதுக்கி, டெண்டர் விடும் நேரத்தில் இது தெரியவந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். எனவே பணம் கேட்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லிச் சிட்டா, அடங்கல், புல வரைபடம் வாங்கிவிடுங்கள். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையிடம் அனுமதி கேட்கும் வேலையை அன்றே தொடங்குங்கள். அதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

மூன்றாவதாக ஓவர்சியரை ஒருநாள் கூட்டி வந்து காட்டுங்கள். எங்கள் ஓவர்சியர் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "போன மழைக்குத் தண்ணி எதுவரை நின்னுச்சு?" என்பது. சத்துணவுக் கூடத்துச் சுவரில் இருந்த கறையைக் காட்டினோம். பேஸ்மட்டம் அதற்கு மேலே வர வேண்டும் என்று குறித்துக்கொண்டார். கடைமடைக் களிமண்ணில் கோடையில் தரை வெடித்துச் சுவர் விரியும் என்பதால் அஸ்திவாரமும் வேறு மாதிரி போட வேண்டும், செலவு கூடும். கையில் முறையான எஸ்டிமேட் இல்லாமல் போகிற கோரிக்கைக்கு யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள். எவ்வளவு ஒதுக்குவது என்றே அவர்களுக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 29 துறைகளில் 17-வதாகத் தொடக்க, இடைநிலைக் கல்வி இருக்கிறது. "பள்ளிக்கூடம் எங்க வேலை இல்ல" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், தகவலாகச் சொல்லுங்கள்.

வகுப்பறைக்கு நேரடியாகப் பொருந்துவது ஊரக வளர்ச்சித் துறையின் குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம். ஒன்றியப் பள்ளிகளுக்காகவே 2022-23-ல் 800 கோடி ரூபாயில் தொடங்கியது. பள்ளிக் கல்வித் துறைப் பக்கம் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். இவற்றில் எந்தப் பள்ளி முதலில் என்பதை ஒன்றியத்திலிருந்தும் மாவட்டத்திலிருந்தும் போகிற பட்டியல்தான் தீர்மானிக்கும். அந்தப் பட்டியல் தயாராகும்போது உங்கள் பள்ளியின் எஸ்டிமேட் மேசை மேல் இருக்க வேண்டும். எங்களுக்கு அறை வந்தது இப்படித்தான்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. ஒரு பள்ளிக்கு ஒரு கட்டடம் என்பது இதில் சின்னத் தொகைதான். ஆனால் கேட்பவர்கள் நிறைய, முன்கூட்டியே கேட்க வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் ஊர்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதி அரசு தரும். சிங்கப்பூர், துபாய் என்று பிள்ளைகள் வெளியே போயிருக்கிற ஊர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுப்பவர்கள் தாங்கள் படித்த பள்ளிக்கும் கொடுப்பார்கள், முறையாகக் கேட்டால்.

கிராம ஊராட்சியின் சொந்தப் பணம் வகுப்பறை கட்டும் அளவுக்கு வராது. ஆனால் அதை வைத்து ஒரு காரியம் செய்யலாம். 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு மத்திய அரசு தந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதம் பொதுத் தேவைக்கு, சம்பளத்துக்குத் தொடக் கூடாது. பள்ளிக் கழிப்பறையையும் தண்ணீர்த் தொட்டியையும் அந்த 60 சதவீதத்தில் செய்யச் சொல்லுங்கள். அப்போது ஒன்றியப் பொது நிதியிலும் மாநில நிதிக்குழு மானியத்திலும் அந்தச் செலவு குறையும், மிச்சமாவதை அறைக்குக் கேட்கலாம். புதிய நிதிக்குழுக் காலத்தில் விகிதம் மாறினாலும் யோசனை இதுதான்: கட்டுப்பாடுள்ள பணத்தால் முடிகிற வேலைக்குக் கட்டுப்பாடில்லாத பணத்தைச் செலவழிக்க விடாதீர்கள்.

சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசுக் கல்வித் திட்டத்தில் வருகிற பள்ளி மானியம் சிறியது. 31 முதல் 100 பிள்ளைகள் வரை 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000. சாக்பீஸ், சின்னப் பழுது, சுத்தம் இதற்குத்தான் போதும்.

நகரத்துப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி போன்ற ஊர்களில் சொத்து வரியில் கல்வி வரி என்று ஒரு கூறு உண்டு. 1920-ம் வருடத்துத் தொடக்கக் கல்விச் சட்டத்திலிருந்து வருகிற வரி அது. வசூலான தொகை எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு என்ன செய்தார்கள் என்று உங்கள் வார்டு உறுப்பினரை மன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். பிப்ரவரிக்குள் கேட்டால்தான் மார்ச் பட்ஜெட்டில் வரும். நகரத்துப் பள்ளிகளில் நெரிசல் பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும்தான், சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வந்து சேர்கிற இடங்கள் அவை. அங்கே "இரண்டாவது பிரிவு தொடங்க ஓர் அறை" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

ஆறாம் படி: தீர்மானத்தை எப்படி எழுதுவது

மனு தொலையும், தீர்மானம் தொலையாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம், கிராம சபையில் அதையே உறுதி செய்து இன்னொரு தீர்மானம். இரண்டும் வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள் என்பது சட்டம், நம் மாநிலத்தில் தலைவரும் ஒரு தாய்தான். எங்கள் தலைவி வயல் வேலைக்குப் போகிறவர். முதல் கூட்டத்தில் பேசவே கூச்சப்பட்டார். அளவு டேப்பைப் பிடித்து அறையை அளந்தவர் அவர்தான் என்பதால், கிராம சபையில் ஒரு தாளும் பார்க்காமல் எல்லா எண்ணையும் சொன்னார்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் அக்டோபர் 2 தான் நமக்கு முக்கியம். அடுத்த வருடத்துக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அப்போதுதான் தொடங்கும். ஆகஸ்ட் 15 சபையில் பேசி வைத்து, அக்டோபரில் தீர்மானமாக்குங்கள்.

நாங்கள் எழுதியதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்:

"எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் படிக்கிறார்கள். அறையின் அளவு 24 அடிக்கு 20 அடி. பணியில் இருக்கும் ஆசிரியர் 2 பேர். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை வேண்டும். பழைய கட்டடம் இடிக்கப்பட்ட இடம் காலியாக உள்ளது. நிலத்தின் சர்வே எண்ணும் மதிப்பீடும் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டு வகுப்பறை கொண்ட கட்டடத்தை வரும் நிதியாண்டுப் பணிப் பட்டியலில் சேர்க்கும்படி ஊராட்சி ஒன்றியத்தைக் கேட்டுக்கொள்வது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

எத்தனை அறை, எந்த வருடம், எந்த அலுவலகம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. "பள்ளியை மேம்படுத்தித் தர வேண்டும்" என்று எழுதினால் எதையும் செய்துவிட்டு முடித்துவிட்டோம் என்று சொல்லலாம்.

தீர்மானப் பதிவேட்டில் ஏறியதும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். குழுத் தீர்மானம் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் ஏறிவிட்டதா என்று பாருங்கள். பி.டி.ஓ., வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம், மூன்று இடத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அப்படித் தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை நடக்க வேண்டும், தீர்மானம் போடலாம். "தலைவர் வரட்டும்" என்று காத்திருக்கத் தேவையில்லை.

ஏழாம் படி: கட்டுகிற காலம்

அனுமதி வந்ததும் வேலை தானாக நடந்துவிடாது. அக்டோபரில் தோண்டினால் அஸ்திவாரக் குழி குளமாகிவிடும். சம்பா அறுவடை முடிந்து, தை பிறந்து, தரை காய்ந்த பிறகு தொடங்கி, ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்து நடவு வேலை சூடுபிடிப்பதற்குள் கூரைத் தளம் போட்டுவிட்டால் பிழைத்தோம். ஆள் கிடைப்பதும் அப்போதுதான். எனவே டிசம்பருக்குள் நிர்வாக அனுமதி வந்துவிட வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு நடங்கள்.

அறை வரும் வரை பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? சமுதாயக் கூடம், நூலகக் கட்டடம், ஊராட்சிச் சேவை மையம் இவற்றில் ஒன்றைப் பள்ளி நேரத்துக்குக் கேட்டு, ஊராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கழிப்பறையும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கிறதா, ரோட்டைத் தாண்டாமல் போக முடியுமா என்று பார்த்துவிட்டு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். யாராவது நல்ல மனதோடு "கீத்துக் கொட்டகை போட்டுத் தரேன்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். சமையல் கூடத்துத் தீ கூரைக்குத் தாவியது. குறுகலான மாடி, ஒரே படிக்கட்டு, அளவுக்கு மீறிய பிள்ளைகள். 94 பேர் போய்விட்டார்கள். நெரிசலைப் பற்றி யாராவது "கொஞ்சம் சமாளிச்சுக்கலாம்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் காசிராமன் தெரு நினைவுக்கு வரும்.

எட்டாம் படி: அறை வந்ததும் யாரைப் பிரிப்பது

இடம் ஒன்று, ஆள் ஒருவர் கூடுதலாகக் கிடைத்தால் எல்லோரும் ஐந்தாம் வகுப்பைத்தான் தனியாக உட்கார வைக்கச் சொல்வார்கள். என் எண்ணம் வேறு. ஒன்றும் இரண்டும்தான் முதலில். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கி நான்கு வருடம், எழுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரு பெரிய சோதனை செய்தார்கள். 13 முதல் 17 பிள்ளைகள் இருக்கிற வகுப்பையும் 22 முதல் 25 பேர் இருக்கிற வகுப்பையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டார்கள். சின்ன வயதில் சின்ன வகுப்பில் படித்தவர்கள் நன்றாக வந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். கலிஃபோர்னியா 1996-ல் இதைப் பார்த்து மாநிலம் முழுவதும் அவசரமாகச் செய்தபோது அறையும் போதவில்லை, தகுதியான ஆசிரியரும் போதவில்லை, பயிற்சி இல்லாதவர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் ஊருக்கும் இது பொருந்தும். புது அறையில் ஆசிரியரே இல்லாமல் பிள்ளைகளை மட்டும் உட்கார வைப்பதால் பயன் இல்லை. ஆகஸ்ட் 1 வேலையும் கட்டட வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

எங்கள் புது அறைகள் 2024 ஜூனில் திறந்தன. மூன்றாவது டீச்சரும் வந்திருந்தார். ஒன்றும் இரண்டும் ஓர் அறை, மூன்று ஓர் அறை, நான்கும் ஐந்தும் பழைய அறை. இன்னும் பல வகுப்பு ஒரு ஆசிரியர்தான், ஆனால் ஒருவர் குரல் இன்னொருவர் அறைக்குள் வருவதில்லை.

கடைசியாக ஒரு வேலை. புது அறை கிடைத்த முதல் மாதத்திலேயே அது சேமிப்பு அறையாகும் ஆபத்து உண்டு. விலையில்லா நோட்டுக் கட்டுகள், உடைந்த பெஞ்சுகள், மிச்ச சிமென்ட் மூட்டை என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். எங்கள் அறையிலும் இரண்டாவது வாரமே பதினோரு கட்டுப் புத்தகம் இருந்தது. "ரெண்டு நாள்ல எடுத்துடுவாங்க" என்றார்கள். அன்றைய குழுக் கூட்டத்திலேயே எந்த அறையில் எந்த வகுப்பு, சாவி யாரிடம் என்று தீர்மானம் எழுதினோம். மறுநாள் சனிக்கிழமை, நான்கு பெற்றோர் வந்து கட்டுகளைச் சத்துணவுக் கூடத்துப் பக்கத்துச் சின்ன அறைக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை காலை மூன்றாம் வகுப்பு அங்கே உட்கார்ந்தது.